மஞ்சள் நூல், ஒரு கட்டு

ரயில்வே தரப்பு வக்கீல் அரக்கு முத்திரையை உடைத்து, உறையில் இருந்ததையெல்லாம் மேஜைமேல் பரப்பினார். ஒரு கத்தரிக்கோல், இஞ்சி டேப், சாக்பீஸ் துண்டு, ஆறு பொத்தான்கள், மஞ்சள் நூல் ஒரு கட்டு. இரண்டு வருடம் முன்பு தண்டவாளத்தின் ஓரத்தில் அப்பாவோடு சேர்ந்து விழுந்த பையில் இருந்தவை. அன்றைக்கே ரயில்வே போலீஸ் பட்டியல் எழுதி முத்திரை வைத்துவிட்டது. பிறகு இன்றுதான் திறக்கிறார்கள்.

"எல்லாம் பத்திரமா இருக்கு சார். டிக்கெட் மட்டும்தான் இல்ல," என்றார் அவர். "ஏன்னா அது எப்பவுமே இல்ல."

நீதிபதி தலையசைத்து எழுதிக்கொண்டார். எங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு சீட்டில்தான் நின்றது. நிலையத்தில் வண்டி குலுங்கியதும் வாசலில் நின்ற கூட்டம் அப்பாவைத் தள்ளியதையோ, அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேலே போனதையோ யாரும் மறுக்கவில்லை. டிக்கெட் இல்லாதவர் பயணி இல்லை, பயணி இல்லாதவருக்கு இழப்பீடு இல்லை என்றுதான் அவர்கள் பதில் மனு போட்டிருந்தார்கள். டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது என்று அப்பா சத்தியம் செய்தார். அந்தச் சட்டையை ஆஸ்பத்திரியில் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பதில் மனு விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்து, டீக்கடையில் அப்பாவுக்கு 'ஓசி டெய்லர்' என்று பெயர் வைத்தார்கள். கால் போன பிறகும் ஊன்றுகோலோடு தையல் கடை திறந்த மனிதர், அதற்குப் பிறகு டீ குடிக்க வெளியே போகவில்லை.

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் கை இல்லாத ஒருவர், புகைப்படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெண். எல்லோரும் தங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிடுவதற்குக் காத்திருந்தார்கள். நான் மேஜையையே பார்த்தேன். கடையில் வாங்கும் நூல் உருண்டையாக இருக்கும். இது தட்டையாக இருந்தது. இரண்டு விரல் அகலம், ஓரங்கள் நேர்கோடு. உள்ளே தட்டையாக, விறைப்பாக ஏதாவது இல்லாமல் நூலுக்குத் தானாக அந்த வடிவம் வராது.

எந்தக் காகிதம் கிடைத்தாலும் அப்பாவின் கை அதை நான்காக மடித்து மிச்ச நூலைச் சுற்றிவிடும். அவருக்கே தெரியாது. கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எதுவும் தப்பாது. வேதியியல் செய்முறைத் தேர்வன்று என் ஹால் டிக்கெட்டைக் காணாமல் வீட்டைத் தலைகீழாக்கி, கடைசியில் நீல நூலுக்குள்ளிருந்து எடுத்தேன். அன்று வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நின்று மதிப்பெண்ணை விட்டேன். அது நூலின் தப்பில்லை. நான் அப்படித்தான்.

முன்வரிசைக்குப் போய் எங்கள் வக்கீல் அக்காவின் கறுப்பு அங்கியை இழுத்து முணுமுணுத்தேன்.

"என்னம்மா? சத்தமா சொல்லு, காதுல விழல."

அதற்குள் கிளார்க் பொருட்களை உறைக்குள் திரும்பப் போட ஆரம்பித்திருந்தார். கத்தரி போயிற்று. டேப் போயிற்று.

"சார்," என்றேன். அறை முழுவதும் திரும்பியது. "அந்த நூலைப் பிரிச்சுப் பாருங்க சார்."

"யாரும்மா நீ? சாட்சியா?" என்றார் ரயில்வே வக்கீல்.

"அவர் பொண்ணு. அப்பா எந்தப் பேப்பர் கிடைச்சாலும் நூல் சுத்திடுவார் சார். என் ஹால் டிக்கெட்லயே சுத்தியிருக்கார்."

யாரோ சிரித்தார்கள். "கதை நல்லா இருக்கு," என்றார் ரயில்வே வக்கீல்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, முதல்முறை பார்ப்பவரைப் போலத் தன் கைகளைப் பார்த்தார்.

"முத்திரையை நீங்கதானே உடைச்சீங்க வக்கீல் சார்?" என்றார் நீதிபதி. "பிரிச்சே பார்த்துடுவோம்."

கிளார்க் பிளேடை எடுத்தார்.

"ஐயோ, அறுக்காதீங்க சார்!" அப்பா ஊன்றுகோலில் பாதி எழுந்துவிட்டார். "நல்ல நூல் சார் அது. ஓரத்துல நுனியைச் சொருகியிருப்பேன். அதை இழுங்க, தானா வரும்."

வந்தது. கிளார்க் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். மேஜைமேல் மஞ்சளாக ஒரு குவியல் வளர்ந்தது. இவ்வளவு நூலா என்று எனக்கே சலிப்பாக இருந்தது. கடைசிச் சுற்று விழுந்ததும், நூல் பதிந்த வரிகளோடு ஒரு சிறிய காகித மடிப்பு மிச்சமிருந்தது. கிளார்க் அதை நகத்தால் விரித்தார். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி, நேரம். நான்கையும் சத்தமாகப் படித்தார். அப்பா விழுவதற்கு நாற்பது நிமிடம் முன்பு வாங்கிய டிக்கெட்.

ரயில்வே வக்கீல் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். கோப்பைப் புரட்டினார். மறுபடி பார்த்தார்.

"மறுப்பு இல்ல சார்," என்றார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "என் கையாலயே திறந்து கொடுத்துட்டேனே!"

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதியும். டிக்கெட்டைச் சான்றாகக் குறித்துக்கொண்டு, தீர்ப்புக்கு ஒரு தேதி சொன்னார். நூலை அப்பாவிடமே கொடுத்துவிடச் சொன்னார்.

வராந்தாவில் வக்கீல் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடிப்பாவி, இவ்வளவு நாள் எங்கடி வச்சிருந்த இந்தக் குரலை?" கை இல்லாதவர் கதவு வரை வந்து, தன் எண்ணைக் கூப்பிடுகிறார்களா என்று ஒரு காதை உள்ளே வைத்தபடி, எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து மடியில் நூல் குவியலை வைத்துக்கொண்டு சட்டைப் பையைத் துழாவினார்.

"என்னப்பா?"

"ஒரு பேப்பர் இருந்தா குடும்மா. சிக்கு விழுந்துடும்."

என் பைக்குள் பதில் மனுவின் நகல்தான் இருந்தது. 'பயணச்சீட்டின்றிப் பயணித்தவர்' என்ற வரியை நானே சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். அப்பா படிக்கவில்லை. நான்காக மடித்து, நகத்தால் அழுத்தி, ஓரத்தில் சிறிதாகக் கிழித்து நுனியைச் சொருகினார். பிறகு சுற்ற ஆரம்பித்தார். சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளுக்குள் போனது.