கட்டைவிரல் பக்கம்

சகல ஊழியர்களின் மேலான கவனத்துக்கு. மனித குலம் இதுவரை அறிந்திராத ஓர் உண்மையைப் பார்சல் கம்பெனி நிர்வாகம் தீர விசாரித்துக் கண்டறிந்து, லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டி, உலகுக்கு அறிவித்தது: மனிதர்களை மனிதர்கள் தாக்கக்கூடும்.

இந்த ஞானோதயத்துக்குக் காரணம் ஒரு வாஷ்பேசின். அது இரண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்ததில் கொதித்துப்போன வாடிக்கையாளர் ஒருவர், கவுண்ட்டருக்கு மேலாகக் கையை நீட்டி மேலாளரின் டையைப் பிடித்து இழுத்துவிட்டார். கீழே இருப்பவர்களின் சட்டை கிழிந்தபோதெல்லாம் 'புன்னகையோடு எதிர்கொள்ளுங்கள்' என்று சொல்லிவந்த நிர்வாகம், டை என்றதும் விழித்துக்கொண்டது. வாரம் ஒருநாள், வேலை முடிந்ததும், குடோனில் தற்காப்புப் பயிற்சி. வராதவர்களுக்கு விளக்கம் கேட்கப்படும்.

உடைந்த பொருள் புகார் மேசையில் இருந்த நிதானம் சாருக்கு இதில் விருப்பமில்லை. அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. எதைக் கேட்டாலும் 'நிதானமா பார்ப்போம்' என்பார். கல்யாணத்தையும் அப்படித்தான் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடிக்கு அந்த நிதானம் இல்லை. அது பாட்டுக்குக் கொட்டிவிட்டது. இப்போது தங்கை வீட்டு மாடியில் ஓர் அறையும், ஒரு மின்விசிறியும், அது சுற்றும் சத்தமும் அவருக்குச் சொந்தம்.

பயிற்சி கொடுக்க வந்தவர் போலீஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். கராத்தேயில் கறுப்புப் பட்டை. பேண்ட்டுக்கும் அதே பட்டையைத்தான் கட்டுகிறார் என்று லோடுமேன்கள் பேசிக்கொண்டார்கள். மாஸ்டர் என்று கூப்பிட்டால் மட்டுமே திரும்பிப் பார்ப்பார்.

"கையப் பிடிச்சா எல்லாரும் என்ன பண்ணுவீங்க? இழுப்பீங்க. இழுத்தா அவன் இன்னும் இறுக்குவான். நாலு விரலோட சண்டைக்குப் போகாதீங்க. கட்டைவிரல் தனி ஆளு. அதுவும் மத்த விரலும் சந்திக்கிற இடம் இருக்கே, அதுதான் வாசல். உங்க மணிக்கட்டோட ஒல்லியான பக்கத்த அந்த வாசலுக்கு நேரா திருப்பு. முழங்கைய அவன் பக்கம் கொண்டு போ. வெளிய வா. ரெண்டு எட்டு பின்னால. ரெண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால, விரிச்சு. 'பின்னால போ'ன்னு அடிவயித்துலேர்ந்து கத்து. அப்புறம் என்ன செய்யணும்?"

"மூக்குல ஒண்ணு போடணும் மாஸ்டர்" என்றார் வேன் டிரைவர்.

"ஓடணும். உயிரோட வீட்டுக்குப் போறவன்தான் ஜெயிச்சவன்."

இவ்வளவு பெரிய வீரர் இவ்வளவு சின்ன விஷயத்தைச் சொன்னதில் குடோனுக்கே ஏமாற்றம்.

உயரம் பார்த்து ஜோடி பிரித்தார் மாஸ்டர். நிதானம் சாருக்கு எதிரே வந்து நின்றது தராசம்மா.

பார்சலை எடைபோடும் மேசையில் இருப்பவர் என்பதால் தராசம்மா. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள் வெளியூரில். வருஷக்கணக்காக அவருக்கும் நிதானம் சாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதன் அடியில் உள்ள சந்து வழியாக ரசீதுகள் போய்வரும். 'மழை வரும்போல இருக்கு மேடம்', 'ஆமா சார்' என்ற அளவில் பேச்சும் போய்வரும். மழை வராத மாதங்களில் நிதானம் சார் மிகவும் சிரமப்பட்டார்.

"பிடி" என்றார் மாஸ்டர்.

தராசம்மா பிடித்தார். இரும்புத் தட்டைத் தொட்டுத் தொட்டுச் சில்லிட்ட கை. டேப் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் ஓரம் மட்டும் காய்த்திருந்தது. மருத்துவரும் முடிதிருத்துபவரும் தவிர நிதானம் சாரை யாரும் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. வாசல் எங்கே என்று அவருக்குத் தெரிந்தது. வெளியே போகத்தான் மனம் வரவில்லை.

"வரல மாஸ்டர்."

"மறுபடி."

மறுபடியும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. எல்லா ஜோடிகளும் கழுத்துப்பிடி, தலைமுடிப்பிடி என்று முன்னேறிக்கொண்டிருக்க, இவர் மட்டும் மணிக்கட்டிலேயே குடியிருந்தார்.

"நிதானம் சாரக் கடத்திட்டுப் போனா, கடத்தினவனே சலிச்சுப் போய்க் கொண்டாந்து விட்டுடுவான்" என்றார் ஒரு லோடுமேன்.

தராசம்மா சிரிக்கவில்லை. "நான் ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறேனா சார்?"

"இல்ல மேடம். சரியாத்தான் இருக்கு."

"கொஞ்சம் லேசா பிடிக்கட்டுமா?"

"வேண்டாம் மேடம்." அவர் வாழ்க்கையில் இத்தனை அவசரமாகச் சொன்ன பதில் வேறில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் மாஸ்டருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தது. "அடுத்த வாரம் கடைசி வகுப்பு. மணிக்கட்டே வராதவங்களுக்கு நானே ஜோடி" என்று நிதானம் சாரைப் பார்த்தபடி அறிவித்தார். மாஸ்டரின் உள்ளங்கை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அதே வாரம் இன்னொரு செய்தியும் வந்தது. மகள் இருக்கும் ஊரில் புதுக் கிளை. தராசம்மாவை அங்கே போகச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரே ஒரு வகுப்புதான் மிச்சம். அதிலும் அந்தக் கைக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டா? நிதானம் சார் தங்கையின் கணவரிடம் சரணடைந்தார். லாரி மெக்கானிக், பிடித்தால் ஸ்பேனர்.

"எதிர்பார்க்காதப்போ பிடிச்சாத்தான் மச்சான் கைக்குப் பழகும்" என்றார் மாப்பிள்ளை. அதன்பிறகு அந்த வீட்டில் நிம்மதி இல்லை. பல் தேய்க்கும்போது பிடித்தார். செருப்பு மாட்டும்போது பிடித்தார். துணி காயப்போடும்போது பின்னாலிருந்து வந்து பிடித்ததில் இரண்டு சட்டைகள் சாக்கடையில் விழுந்தன. வாரக் கடைசிக்குள் நிதானம் சாரின் கை அவரைக் கேட்காமலே வேலை செய்ய ஆரம்பித்தது. திருகல், முழங்கை, இரண்டு எட்டு, "பின்னால போ". பக்கத்து வீட்டு நாய்கூடப் பின்னால் போனது.

"இந்த வயசுல யாருண்ணே உன்னக் கையப் பிடிச்சு இழுக்கப்போறா?" என்றாள் தங்கை.

"இழுக்கணும்னு இல்ல" என்றார் நிதானம் சார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே மாடிக்குப் போனார்.

கடைசி வகுப்பில், தான் பிடிப்பதற்கு முன் பழைய ஜோடியோடு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் மாஸ்டர். தராசம்மா பிடித்தார். கண் சிமிட்டுவதற்குள் கை வெளியே வந்துவிட்டது. குடோனே கைதட்டியது. நிதானம் சார் பழக்கதோஷத்தில் மணிக்கட்டை மறுபடி நீட்டினார்.

"அதான் வந்துடுச்சே, போய் உக்காருங்க" என்றார் மாஸ்டர்.

தராசம்மாவின் கை சற்று நேரம் அந்தரத்திலேயே இருந்தது. பிறகு அவரும் போய் உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்து இருவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். நடந்தார்கள் என்றால் ஒரே திசையில், ஒரு தள்ளுவண்டி புகுந்துபோகும் இடைவெளியில். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நிதானம் சார் குடோன் வாசலிலேயே முடிவெடுத்திருந்தார். மருந்துக்கடை வரட்டும் என்று பார்த்தார். வந்தது. டயர் கடை வரட்டும் என்று பார்த்தார். அதுவும் வந்தது. கடைசியில் நிறுத்தமே வந்துவிட்டது.

"நாளைக்குக் காலைல பதில் சொல்லணும் சார்" என்றார் தராசம்மா. "போறதா வேண்டாமான்னு. மக ஒண்ணும் வான்னு கூப்பிடல. வந்தா வான்னுதான் சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?"

போகாதீங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அது நாக்கு நுனிவரை வந்து, அங்கே நின்றுகொண்டிருந்த வேறொரு சொல்லுக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

"நிதானமா யோசிங்க மேடம்."

தராசம்மா தலையாட்டினார். சாலையைப் பார்த்தார். தூரத்தில் அவருடைய பஸ் திரும்பியது. நிதானம் சாருக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போகத் திரும்பினார்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

சில்லென்ற கை. ஓரம் காய்த்த கட்டைவிரல். யாரும் பிடி என்று சொல்லாமல், தானாக வந்த கை. இதையெல்லாம் நிதானம் சாரின் மனம் வரிசையாக, பதறாமல், ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டது. அதற்குள் அவருடைய கை திரும்பி, வாசலைக் கண்டுபிடித்து, வெளியே வந்து, கால்கள் இரண்டு எட்டு பின்வைத்து, உள்ளங்கைகள் இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் விரிந்து, அடிவயிற்றிலிருந்து குரல் கிளம்பிவிட்டது.

"பின்னால போ!"

நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைபேசியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

தராசம்மா தன் கட்டைவிரலை மறு கையால் நீவிக்கொண்டார். "நல்லா கத்துக்கிட்டீங்க சார்" என்றார். குரலில் கேலி இருந்திருந்தால்கூட நிதானம் சார் பிழைத்திருப்பார்.

பஸ் வந்து நின்றது. தராசம்மா ஏறி, உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கம்பியையே நிதானம் சார் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை மட்டும் தன்னையறியாமல் முன்னால் நீண்டிருந்தது.

"ஏறுறீங்களா இல்லையா?" என்று டிரைவர் கேட்டார்.

"இது நம்ம ரூட் இல்ல" என்றார் நிதானம் சார்.

கதவு மூடிக்கொண்டது. அவர் இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறி, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்.