சுரைக்கொடியும் சோலார் தகடும்

ஜமுனா ஆற்று மணல்தீவில் கரண்டுக் கம்பி கிடையாது. ஜொபேதாவின் வீட்டுக்குத் தகரக் கூரைமேல் இருந்த சோலார் தகடுதான் கதி. சில நாளாக விளக்கு போட்டதுமே அணைந்துபோய்க்கொண்டிருந்தது.

"பேட்டரி செத்துப்போச்சு. ஆட்ட வித்துட்டுப் புதுசு வாங்கிட்டு வரேன்" என்று கணவன் மொதாலெப் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தான்.

"செத்த பொறுங்க!" ஜொபேதா ஏணி வைத்து ஏறினாள். கூரையில் அவள் படரவிட்ட சுரைக்கொடி தகட்டை முழுசாக மூடிக் கிடந்தது.

"பேட்டரி சாகலைங்க, வெயில் இல்லாமப் பட்டினி கிடந்திருக்கு!" இலைகளைப் பிய்த்துக் கீழே எறிந்தாள்.

"கொடிய ஏத்திவிட்டது யாராம்?"

"நாந்தான். காயைத் தின்னது யாராம்?"

மறுநாள் மாலை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஆடு மிச்சமிருந்த சுரையிலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.