குதிரையில் வந்த பொலிஸ்

பிரணவனின் வேலை அனுமதி அட்டை காலாவதியானபோது சாரதி உரிமமும் கூடவே போய்விட்டது. அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. புதிய அட்டை வரும்வரை அவன் காரைத் தொடுவதில்லை என்று அவனும் மனைவி குமுதினியும் முடிவு செய்திருந்தார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஃபிரிஸ்கோ நகரத்து அனுமார் கோயிலிலிருந்து திரும்பும் வழியில், குழந்தை மதுஷா வாந்தி எடுக்கத் தொடங்கினாள். ஓட்டிக்கொண்டிருந்த குமுதினி காரை நிறுத்திப் பின்சீட்டுக்குப் போனாள்; குழந்தை அவள் மடியை விட்டு இறங்க மறுத்தாள்.

"நான் ஓட்டுறன்," என்றான் பிரணவன். "உள்வீதியால போவம். அங்க பொலிஸ் நிக்காது."

நகரத்துக்கு வடக்கே, இரு பக்கமும் ஆளுயரச் சோளம் நின்ற ஒடுங்கிய வீதி அது. வளைவு திரும்பியதும் எதிரே பெரிய கறுப்புக் குதிரை ஒன்று வந்தது. அதன்மேல் கருநீல மேலங்கி, நெஞ்சில் வெள்ளைக் கட்டங்கள், பெரிய ஆங்கில எழுத்துகள், தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி. அந்த உருவம் உள்ளங்கையைக் காட்டிக் கையை உயர்த்தியது.

பிரணவன் பிரேக்கை அழுத்தினான். அவன் பிடரியில் வியர்வை துளிர்ப்பதைக் குமுதினி பின்னாலிருந்து பார்த்தாள்.

"பொலிஸ்," என்றான்.

"பேசாம இருங்கோ. கையை ஸ்டியரிங்கில வையுங்கோ. கேட்டா வழக்கு நடக்குதெண்டு சொல்லுவம்."

"கொண்டு போயிடுவாங்கள், குமுது. போன கிழமை அரியரட்ணம் அண்ணையையும் இப்பிடி வீதியில மறிச்சுத்தானே பிடிச்சவங்கள்."

"இறங்காதேங்கோ. சொல்லுறன், இறங்காதேங்கோ."

குதிரை காரை நெருங்கி வந்தது. பிரணவன் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு பாய்ந்தான். கதவு பட்டென்று அடிக்க, குதிரை முன்னங்கால்களைத் தூக்கியது. மேலிருந்தவர் பக்கவாட்டில் சரிந்து தார்வீதியில் விழுந்தார். குதிரை வந்த வழியே ஓடியது. பிரணவன் சோளத்துக்குள் மறைந்துவிட்டான்.

பொலிஸை விழுத்திவிட்டோம் என்ற ஒரே நினைப்புத்தான் குமுதினியின் தலைக்குள் ஓடியது. மதுஷாவைச் சீட்டில் இருத்திப் பட்டியைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

விழுந்து கிடந்தது ஒரு இளம்பெண். இடது கால் முழங்காலுக்குக் கீழே தவறான பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடி கழன்ற முகம் தெரிந்த முகம் போல, நம்மவர் முகம் போல இருந்தது.

"சொறி, மேடம். என்ர மனுசன் பயத்தில..."

"ஆன்ட்டி, நான் காப் இல்ல," என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. தமிழ் தடுமாறியது. "பொலைட். பொலைட்னு போட்டிருக்கு. ரீட் இட்."

குமுதினி வாசித்தாள். POLITE, பண்பாக என்று பொருள். ஆங்கிலத்தில் பொலிஸுக்கும் அதற்கும் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அதன் கீழே, கிட்ட வந்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறிதாக, தயவுசெய்து மெதுவாகச் செல்லவும் என்றிருந்தது.

"ஏன் பிள்ளை இதைப் போட்டனீ?"

"மஞ்சள் வெஸ்ட் போட்டா யாரும் ஸ்லோ பண்ண மாட்டாங்க. என் ஃப்ரெண்டோட ஹார்ஸை ஒரு டிரக் அடிச்சிடுச்சு. எனக்குப் பயம், ஆன்ட்டி."

அவள் பெயர் ஷ்ரேயா. உதடுகள் வெளுத்துக்கொண்டே வந்தன. ஒரு பிக்கப் வண்டி வேகம் குறைக்காமல் அவர்களை உரசுவதுபோல் கடந்துபோனது. குமுதினி கைபேசியை எடுத்தாள். 911 அழைத்தால் உண்மையான பொலிஸ் வரும். சோளத்தைப் பார்த்தாள். ஒரு இலைகூட அசையவில்லை. இலக்கத்தை அழுத்தினாள்.

ஆம்புலன்ஸுக்கு முன்பே பொலிஸ் கார் வந்தது. இறங்கிய அதிகாரி மேலங்கியை நெடுநேரம் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தால் நானே ஏமாந்திருப்பேன் என்றார். பிறகு குமுதினியிடம் திரும்பி, காரை ஓட்டியது யார் என்று கேட்டார்.

"நான்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய உரிமம் செல்லுபடியானதுதான். ஆனால் ஓட்டுநர் கதவோடு, அவள் இறங்கிய பின்கதவும் இன்னும் அகலத் திறந்து கிடந்தது.

அதிகாரி ஷ்ரேயாவைப் பார்த்தார். ஷ்ரேயா குமுதினியைப் பார்த்தாள். அந்த இடைவெளியில் மதுஷா அப்பா என்று கூப்பிட்டு விடுவாளோ என்று குமுதினி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"யெஸ். ஷி வாஸ் டிரைவிங்," என்றாள் ஷ்ரேயா. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் போய், அதிகாரியும் போன பின்பு, குமுதினி வீதியோரமாகக் காரை ஊர விட்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியில் இலைகள் கீறிய முகத்தோடு பிரணவன் வெளியே வந்தான்.

"போயிட்டினமா?"

"அது பொலிஸ் இல்லையப்பா. குதிரை ஓடுற பிள்ளை. கால் முறிஞ்சு போச்சு. எங்களுக்காகப் பொய் சொன்னவள்."

அவன் காரில் ஏறினான். பின்சீட்டின் கீழே, மதுஷாவின் காலடியில் குனிந்து படுத்துக்கொண்டான்.

"எழும்பி இருங்கோ. ஒருத்தரும் இல்லை."

"நீ ஓட்டு," என்றான். வீடு வரும்வரை அவன் தலையைத் தூக்கவே இல்லை.