யார் பேர்ல

நீலத் தீ அடங்குகிறது, ரெகுலேட்டரைத் திருகி மூடிய பிறகும் குழாயில் மிச்சம் இருந்ததைத் தின்றுகொண்டு விரற்கடை அளவுக்குக் குறைந்து, மேலே அவருடைய காப்பிக்கான பால் பாதிச் சூட்டில் நிற்க, பொசுக்கென்று போய்விடுகிறது, நான் ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து பிடுங்கித் துண்டில் சுற்றி, கேஸ் புத்தகத்தையும் எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு பெட்டியோடு படியிறங்குகிறேன், கூடத்தில் என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் காப்பி என்னாச்சு என்கிறார். போன மாதம் சம்பந்தி வீட்டார் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க, ஆறிப்போச்சு என்று அந்தக் காப்பியைத்தான் என் மேல் ஊற்றினார், அன்றே முடிவெடுத்துவிட்டேன், மகள் கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள், இனி எனக்கு இங்கே என்ன வேலை. ரெகுலேட்டர் எதற்கு, சிலிண்டர் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்டிருந்தால், இருபத்தாறு வருடம் என் கை திருகியது, அதனால் என்னுடையது, அவ்வளவுதான்.

விளாங்குடியில் நான் வாடகைக்குப் பிடித்த மாடி வீடு, கீழே வீட்டுக்கார ராஜாமணி அக்கா, அவர் வாசலிலேயே என் பெட்டியை மறித்துவிட்டார், இன்னைக்கு ஆனி கடைசிம்மா, நாளைக்கு ஆடி பொறக்குது, இன்னைக்கு மூணு மணிக்குள்ள பால் காய்ச்சிட்டா நல்லது, இல்லாட்டி ஒரு மாசம் கழிச்சுத்தான் வரணும், கரண்ட் அடுப்பெல்லாம் ஆகாது, தீயில காய்ச்சணும், பொங்கி வழியணும். ஒரு மாதம், மறுபடி அந்த வீட்டில், அந்த அடுப்பு முன்னால், முடியாது, வந்த வேகத்திலேயே பஸ் பிடித்துக் கேஸ் ஏஜென்சிக்குப் போனேன்.

வரிசை, வியர்வை, அதே பச்சை மரக் கவுண்டர், புத்தகத்தை நீட்டி இந்தக் கனெக்‌ஷனை விளாங்குடிக்கு மாத்திக் குடுங்க என்றேன், உள்ளே இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இது ஞானகுருங்கிறவர் பேர்ல இருக்கு, அவர் வந்து கையெழுத்துப் போடணும், நான் அவர் சம்சாரம் சார், அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க, சரி, அது வேணாம், என் பேர்ல புதுசாக் குடுங்க, ஒரு ரேஷன் கார்டுக்கு ஒண்ணுதாம்மா, கார்டுல நீங்க அவர்கூடத்தான இருக்கீங்க. கார்டில் இருக்கிறேன், ஆமாம், கார்டில் எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம், அவர் தலை நிமிர்கிறார், கண்ணாடி மாறிவிட்டது, மீசை கறுத்துவிட்டது, இல்லை, இவர் வேறு ஆள், இருபத்தாறு வருடம் முன்னால் இங்கே இருந்தவர், நான் இடுப்பில் கைக்குழந்தையோடு விடியற்காலையிலிருந்து இதே இடத்தில் நிற்கிறேன், யார் பேர்லம்மா போட, உங்க பேர்லயே போடட்டுமா என்று கேட்கிறார், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது, கட்டினவர் பேரை வாயால் சொல்லக்கூடாதே, அவருடைய பேனாவை வாங்கித் துண்டுச் சீட்டில் ஞானகுரு என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறேன், அந்தச் சிரிப்பை இன்று கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருக்கிறது. கேட்டார்களே, மகராசன் கேட்டாரே, நானே தூக்கிக் கொடுத்தேனே. அதற்கப்புறம் பதிவு செய்தது நான், சிலிண்டரை உருட்டியது நான், மழை நாளில் தீப்பெட்டி நமுத்து அழுதது நான், எந்தப் பக்கம் திருகினால் தீ வரும் என்றுகூடத் தெரியாதவர் பேரில் என் தீ எரிந்திருக்கிறது.

ஏம்மா, அடுத்த ஆள் நிக்கிறாங்க, உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க என்றார், ஞானகுரு வரமாட்டார் என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, ஞானகுரு ஒரு நாளும் இந்த வாசப்படி மிதிச்சதில்ல, ஞானகுருவுக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாது, எந்த ஞானகுருவைக் கேட்டுய்யா நான் சோறாக்கணும், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும், இருபத்தாறு வருடம் வாய்க்குள் வைத்திருந்த பெயர், துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தது. சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தவர் ஓரமாக வந்து, அக்கா, சத்தம் போடாதீங்க, அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர் இருக்கு, ரெகுலேட்டரோடயே தருவாங்க, உங்க ஆதார் போதும், யார் கையெழுத்தும் வேணாம் என்றார். கவுண்டர்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே ரசீதை எடுத்தார், யார் பேர்ல, நான் என் பெயரைச் சொன்னேன், சரியா எழுதுங்க என்று எழுத்துக்கூட்டி இன்னொரு முறை சொன்னேன். பிறகு துண்டைப் பிரித்துப் பழைய ரெகுலேட்டரைப் புத்தகத்தின் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினேன்.

நீலத் தீ எழும்புகிறது, இரண்டே முக்கால், காலி வீட்டில், வரும் வழியில் வாங்கிய ஒற்றை அடுப்பு, பால் விளிம்புக்கு ஏறுகிறது, என் கை பழக்கத்தில் கரண்டிக்குப் போகிறது, பொங்க விட்டுட்டியா, கண் என்ன பொடனியிலயா இருக்கு என்ற கணவர் குரலுக்காகக் காது காத்திருக்கிறது, கையை இழுத்துக்கொண்டேன், பொங்கட்டும், வழியட்டும், ராஜாமணி அக்கா வாசலில் நின்று குலவையிட, போன் அடித்தது. காலைலேருந்து காப்பி இல்ல, ரெகுலேட்டர் எங்கடி என்றார்.

கேஸ் ஆபீஸ்ல குடுத்திருக்கேன், கனெக்‌ஷன் உங்க பேர்லதான இருக்கு, ஞானகுரு, போய் வரிசையில நில்லுங்க என்றேன்.