மகன் உயரத்துக் கம்பிகள்

என் கணவர் வாழ்நாளெல்லாம் இரும்புக்கடை வைத்திருந்தவர். "ஒரு கம்பி குடுங்க" என்று யாராவது வந்து நின்றால் அவருக்கு ஆகாது.

"பாத்திரக்கடையில போய் ஒரு பாத்திரம் குடுங்கன்னு கேப்பியா? எதுக்குன்னு சொல்லுய்யா" என்பார்.

கூரை போட முறுக்குக் கம்பி, அதைப் பிணைக்கக் கட்டுக்கம்பி, ஜன்னலுக்குச் சதுரக் கம்பி, கேட்டுக்குப் பட்டை, பள்ளம் தோண்டக் கடப்பாரை. வேலையைச் சொன்னால்தான் பெயர் வரும் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. மகனிடமிருந்துதான் அவர் தப்பவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் அவன் லீவு போட்டுவிட்டு, கையோடு உள்ளூர் வெல்டர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். வீடு முழுக்கக் கைப்பிடிக் கம்பி அடிப்பதாகத் திட்டம்.

அளவெடுக்கும் நேரத்தில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல், மகனே முதுகை வளைத்துக் கிழவனாக நடந்து காட்டினான். ஆறடி மனிதன் எவ்வளவு வளைந்துவிட முடியும்? அவன் கை போன இடமெல்லாம் வெல்டர் சாக்பீஸால் கோடு போட்டார். வாசலுக்குப் போகும் நடையில் பழைய சுவர் தாங்காது என்று, இருபுறமும் தரையில் இரும்புக் கால் ஊன்றிக் கம்பியை நிறுத்தினார்.

வேலை முடிந்ததும் இவர் போய் நின்று பார்த்தார். கம்பி தோளுக்கு நேராக இருந்தது.

"இது எதுக்குடா?"

"பிடிச்சுக்கிட்டு நடக்கத்தாம்ப்பா."

"பிடிச்சுத் தொங்கத்தான் முடியும். கசரத் எடுக்கிற வயசாடா எனக்கு?"

மகன் சிரித்தான், ஊருக்குப் போய்விட்டான். நான் கம்பிகளில் துண்டு காயப்போட்டேன்.

கொஞ்ச காலத்தில் இவருக்குக் கால்கள் அடியோடு ஓய்ந்து, சக்கர நாற்காலி வந்தது. நடையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அது நுழையவில்லை. தெருமுனை சலூனுக்குப் போக வேண்டும் என்று இவர் துடித்தார். சலூன்காரர் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"சவரத்துக்கா போறேன்? ஊர்வம்பு கேக்கப் போறேன்."

நடையில் இருக்கும் கம்பியை எடுத்துவிடலாமா என்று மகனுக்கு போன் போட்டேன்.

"எடுத்துட்டா அப்பா விழுந்துருவாரும்மா."

"உக்காந்தே இருக்கிறவர் எங்கடா விழுவாரு?"

"ஒரு பாதுகாப்புக்குத்தானேம்மா."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "நான் என்ன குத்தம் பண்ணேன்னு கேளு. பெத்தவனையே கம்பி எண்ண வச்சுட்டான்."

அன்றே வெல்டரைக் கூப்பிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எந்த சார்? உள்ள மாட்டிக்கிட்டிருக்கிற சாரையே கேளு, தம்பி."

இவருக்குக் கடை நடத்திய நாளின் முகம் திரும்பியது. "ஒரு பக்கம் அறுத்தா போதும். அடியோட அறு. மிச்சம் வச்சா சக்கரம் தட்டும்" என்று அதிகாரம் செய்தார்.

சலூனில் முகமெல்லாம் நுரையோடு, தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை கேட்டு முடித்த பிறகுதான் கத்தியை வைக்க விட்டார்.

அடுத்த மழைக்கு அவர் இல்லை. அவரைத் தூக்கி வருகையில் முன்னால் தோள் கொடுத்தவன் மகன். நடையில் எங்கும் இடிக்கவில்லை.

"நல்லவேளைம்மா, அன்னைக்கே கம்பியை இடம் விட்டு அடிச்சோம்" என்று பிறகு அழுதுகொண்டே சொன்னான்.

அழுகிற பிள்ளையிடம் என்ன வழக்காடுவது?

"ஆமாடா" என்றேன்.