ஜலீலாவுக்கு வராத வாழ்த்து

ஜூலை இரண்டாம் தேதி காலை ஜலீலாவின் அண்ணன் ஹாதெமின் வண்டி துனீசியாவின் கடலோர ஊரான மஹ்தியாவுக்குள் நுழைந்தது. பிரான்ஸின் லியோனிலிருந்து மார்செய் வரை சாலை, அங்கிருந்து ஒரு நாள் கப்பல், லா கூலெத் துறைமுகத்தில் இறங்கி மறுபடியும் மூன்று மணி நேரம் சாலை. வண்டியின் தலையில் இரண்டு சைக்கிள், ஒரு சுருட்டிய கம்பளம், ஒரு துணி துவைக்கும் இயந்திரம். வண்டி நிற்பதற்குள் பிள்ளைகள் குதித்திறங்கி, "அத்தை, கடலுக்குப் போற பை எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். அத்தை சௌக்கியமா என்று கேட்க அவர்களுக்கு மூச்சில்லை. பாவம், பிரயாணக் களைப்பு.

மறுநாள் துனிஸிலிருந்து தங்கை நஸீஹா, கணவனும் இரண்டு பிள்ளைகளுமாக வந்து சேர்ந்தாள். வருஷத்தில் பத்து மாதம் ஜலீலா ஒருத்தியின் செருப்பு மட்டும் கிடக்கும் வாசலில் இப்போது கால் வைக்க இடமில்லை. ஜலீலாவுக்கு நாற்பத்தெட்டு வயது. தபால் ஆபீஸில் வேலை. கோடையில் மதியம் இரண்டு மணியோடு ஆபீஸ் மூடிவிடும். அதற்குப் பிறகு வீட்டில் அவளுடைய அடுத்த ஆபீஸ் திறக்கும்.

அந்த வருஷக் கோடையில் அந்தக் குடும்பத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் நாலு மணிக்குக் கடல். செவ்வாய்க்கிழமைகளில் தர்பூசணிச் சந்தை. ஒரு நாள் எல் ஜெம் ஊரின் பழைய ரோமானிய அரங்கைப் பார்க்கப் போய், வெயிலில் வெந்து, பார்க்காமலே திரும்பினார்கள். ஒரு நாள் கெர்கென்னா தீவுக்குப் படகு. நஸீஹாவின் மகன் பிலெல் பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்கு மொட்டை மாடியில் மேளம், பாட்டு, எழுபது பேருக்குச் சாப்பாடு. சித்தப்பா மகள் கல்யாணம். நடுநடுவே யாருக்காவது பிறந்தநாள். எல்லாவற்றிலும் ஜலீலா இருந்தாள். மிளகாய் சுட்டாள், மீன் கழுவினாள், மணல் படிந்த துண்டுகளை உதறினாள், காணாமல் போன வண்டிச் சாவியை ஏழு தடவை கண்டுபிடித்தாள். வேலை அவளுக்குப் பாரமில்லை. அது அவளுக்குப் பிடிக்கவும் செய்தது. இத்தனை பேர் நடுவில் தன்னிடம் ஒரு விஷயம் இருப்பதையும், அதைக் கேட்க ஆளில்லாததையும்தான் அவளால் தாங்க முடியவில்லை.

விஷயத்தின் பெயர் மோன்ஜி. ஏப்ரலில் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனபோது பழுது பார்க்க வந்தவர். மனைவியை இழந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு தடவை வந்தால் முடிகிற வேலைக்கு மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை, கருவிப் பெட்டியைத் திறக்காமலே, "இது நல்லாத்தான் ஓடுது. நான் டீ குடிக்க வந்தேன்" என்றார். ஜலீலா வெகு காலத்துக்குப் பிறகு இரண்டு கோப்பை கழுவி வைத்தாள்.

ஜூன் கடைசியில் அவர் கல்யாணத்துக்குக் கேட்டார், அவள் சரி என்றாள். "உங்க அண்ணன் வரும்போது நான் முறையா வந்து பேசுறேன். அதுக்கு முன்னாடி அவர் காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க. திடீர்னு போய் நின்னா மரியாதையா இருக்காது."

"போட்டு வைக்கிறேன்" என்றாள் ஜலீலா.

ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வீட்டில் கல்யாணம் என்பது எப்போதும் ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது. நஸீஹாவுக்கு அம்மா பேசினாள். ஹாதெமுக்கு அம்மாவும் ஜலீலாவும் பேசினார்கள். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. தன் கல்யாணத்தைத் தன் வாயாலேயே எடுக்க ஜலீலாவுக்கு நாக்கு புரளவில்லை. இத்தனைக்கும் தபால் ஆபீஸில் வரிசை தாண்டி வருகிற ஆம்பிளைகளை வெளுத்து வாங்குகிறவள்.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அந்த ஊரில் எந்த நல்ல காரியம் நடந்தாலும், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து "அடுத்தது உனக்கு" என்று வாழ்த்துவார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணென்றால் விடவே மாட்டார்கள். இருபது வயதில் அதைக் கேட்டு ஜலீலா வெட்கப்பட்டாள். முப்பதில் பல்லைக் கடித்தாள். முப்பத்தெட்டில் ஒரு நாள் ஃபத்தூமா அத்தையிடம், "சொல்லிச் சொல்லி உங்க வாய்தான் தேயுது அத்தை, மாப்பிள்ளையைக் காணோம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுக்களையில் போய் அழுதாள். இந்த வருஷம் அந்த வாழ்த்து வரட்டும் என்று காத்திருந்தாள். யாராவது "அடுத்தது உனக்கு" என்றால், சிரித்துக்கொண்டே "ஆமா, ஆள் வந்தாச்சு" என்று சொல்லிவிடலாம். பதிலைத் தயாராக நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

சித்தப்பா மகளின் மருதாணிச் சடங்கு ஒரு பிற்பகலில் நடந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஃபத்தூமா அத்தை மருதாணிக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தாள். ஜலீலாவின் இடப்பக்கம் நின்ற எமெலின் உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து, "அடுத்தது உனக்குடி கண்ணு" என்றாள். எமெல் ஹாதெமின் மகள், பதினாறு வயது. "எனக்கு வேண்டாம் பாட்டி, எனக்குப் பரீட்சை இருக்கு" என்று கையை இழுத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தை ஜலீலாவிடம் வந்தாள். ஜலீலா கையை நீட்டினாள். அத்தை அந்தக் கையில் கிண்ணத்தை வைத்தாள்.

"கொஞ்சம் பிடிம்மா, இடுப்பு விட்டுப்போச்சு. காலையிலேருந்து ஓடி ஓடிச் செய்யற, ஆண்டவன் உனக்குத் தெம்பைக் கொடுக்கட்டும்."

அதுவும் வாழ்த்துதான். வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வது. குழாய் சரி செய்பவருக்கும் மூட்டை இறக்குபவருக்கும் சொல்வது. கிண்ணத்தைப் பிடித்தபடி அத்தையின் பின்னால் வரிசை முழுக்க நடந்தாள் ஜலீலா. அத்தை வலப்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் "அடுத்தது உனக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். இருபது வயதிலிருந்து தன்னைத் துரத்திய சொல் எப்போது நின்றது என்று ஜலீலாவுக்கு நினைவில்லை. போன வருஷம் யாராவது சொன்னார்களா? அதற்கு முந்தின வருஷம்? யாரும் அவளை நோகடிக்க நினைக்கவில்லை. இனி சொன்னால் அவள் மனசு கஷ்டப்படும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நல்லெண்ணத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நல்லெண்ணம் அவளுக்கு அறை வாங்கியதுபோல் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் கடற்கரையில், குடைக்குக் கீழே, தர்பூசணி வெட்டிக்கொண்டே அவளாகவே சொல்லிப் பார்த்தாள்.

"நான் ஒரு கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"யாரை? கடல் ராஜாவையா?" என்றாள் ஹாதெமின் மனைவி வஃபா.

"அவன் வந்தா முதல்ல ரெண்டு கிலோ மீன் சுட்டுத் தரச் சொல்லு" என்றாள் நஸீஹா.

தொப்பியால் முகத்தை மூடிப் படுத்திருந்த ஹாதெம், "சீதனமா என்னையும் கூட்டிட்டுப் போ ஜலீலா. வஃபா தொல்லை தாங்கல" என்றான்.

வஃபா அவன் வயிற்றில் ஈர மணலை அள்ளிப் போட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜலீலாவும் சிரித்தாள், எல்லாரையும்விட உரக்க. அந்தச் சிரிப்புதான் அவளைக் கெடுத்தது. அதற்குப் பிறகு "நிஜமாத்தான் சொல்றேன்" என்று எப்படித் தொடங்குவது?

மறுநாள் ஆபீஸுக்கு மோன்ஜி போன் செய்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"இன்னும் நேரம் வாய்க்கல."

"ஒரு நாளைக்கு இருபது வீட்டுல கூப்பிடுறாங்க என்னை. எனக்கு நேரம் வாய்க்குது." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "என்னைப் பத்திச் சொல்ல வெக்கமா இருக்கா? மெக்கானிக்னு?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல."

"ஞாயித்துக்கிழமை அவங்க கிளம்பிட்டா நான் மறுபடி கேக்க மாட்டேன். கோவத்துல சொல்லல. இன்னொரு கோடை வரைக்கும் காத்திருக்க எனக்கு மனசுல வலு இல்ல. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரட்டுமா?"

முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடி ஜலீலா, "வாங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை ஹாதெம் வண்டியின் தலையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை ஆலிவ் எண்ணெய் டின்கள், அரைத்த மிளகாய், ஜலீலா கோதுமை ரவையில் பிசைந்து உலர்த்திய கூஸ்கூஸ் பதினைந்து கிலோ. ஜலீலா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, சாயங்காலம் மோன்ஜி வரார்."

"யாரு, ஃப்ரிட்ஜ்காரரா? நல்லதாப் போச்சு. ஃப்ரீஸர் கதவு மூடவே மாட்டேங்குது. இந்தப் பசங்க ஐஸ்கிரீம் எடுத்து எடுத்தே உடைச்சுட்டாங்க. கயித்தை இழு, இன்னும் கொஞ்சம்."

ஜலீலா வாயைத் திறந்தாள். ஹாதெமின் சின்ன மகன் அறுந்த செருப்போடு ஓடி வந்து அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். திறந்த வாய் "கொண்டா பாக்கலாம்" என்றது. அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். இதற்கு யாரைக் குறை சொல்ல முடியும்? அவளைத்தான்.

ஐந்து மணிக்கு அவள் தன் அறையில் நீலப் பட்டு உடுப்பின் கொக்கியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். முதுகுக் கொக்கியைப் போட்டுவிட யாரையும் கூப்பிட முடியாது. ஏன் இந்த உடுப்பு என்று கேட்பார்கள். வாசலில் குரல் கேட்டது. கொக்கி மாட்டி, உதட்டுக்கு லேசாகச் சாயம் தடவி, பிறகு அதைத் துடைத்து, இறங்கி வரப் பத்து நிமிஷமாகிவிட்டது.

முற்றத்தில் யாரும் இல்லை. பெட்டிகள் மட்டும் வரிசையாக நின்றன. நாற்காலி முதுகில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது. மேஜையில் ரிப்பன் கட்டிய பக்லாவா இனிப்புப் பெட்டி பிரிக்கப்பட்டு, கால்வாசி காலியாகியிருந்தது. பிலெல் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டே, "ஃப்ரிட்ஜ்காரர் கொண்டு வந்தார் பெரியம்மா. நல்ல மனுஷன்" என்றான்.

அடுக்களையில் மோன்ஜி ஃப்ரீஸருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கை வரை சுருட்டியிருந்தார். முகச்சவரம் செய்த கன்னத்தில் ஒரு வெட்டு. ஹாதெம் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். மோன்ஜி தலை நிமிர்ந்து ஜலீலாவைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபமே இல்லை. அவள் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டு, அவளைச் சங்கடத்தில் விடக் கூடாதென்று, வந்த வேலை இதுதான் என்பதுபோல் மண்டியிட்டிருக்கிறார்.

"ரப்பர் போயிடுச்சு" என்றார் மெதுவாக. "மாத்திடலாம்."

ஜலீலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதலில் அண்ணன் மேல் வந்த கோபம், டார்ச்சைத் தாண்டி, தங்கையைத் தாண்டி, தன் மேலேயே வந்து நின்றது.

"எழுந்திருங்க" என்றாள். பிறகு முற்றத்தைப் பார்த்து, "நஸீஹா, வஃபா, இங்க வாங்க. எல்லாரும் வாங்க" என்றாள்.

வந்தார்கள். பையில் துணி திணித்த கையோடு, பக்லாவாவை வாயில் வைத்தபடி, ஆளுக்கொரு கோலத்தில்.

"இவர் ஃப்ரிட்ஜைப் பாக்க வரல. என்னைக் கேட்டு வந்திருக்கார். ஜூன் மாசமே கேட்டார். சரின்னு சொல்லிட்டேன். உங்ககிட்டதான் சொல்ல முடியல."

சிரிக்க வாயெடுத்த நஸீஹா, அக்காவின் நீல உடுப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஹாதெம் கையிலிருந்த டார்ச்சை அணைத்தான். அணைத்ததை மறுபடி போட்டான். அவன் கெட்டவனில்லை, முகம் சிவந்துபோய் மோன்ஜியின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கங்க, என் வீட்டுக்கு இந்தக் காரியமா வந்தவரை மண்டி போட வச்சுட்டேன்" என்று முற்றத்துக்கு அழைத்துப் போனான். பெட்டிகளை நகர்த்தி இடம் செய்து உட்கார்ந்தார்கள். மோன்ஜி கோட்டை மாட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்த நாலு வாக்கியத்தைத் திக்காமல் சொன்னார். ஹாதெம் சம்மதம் என்றான். சம்பந்தம் உறுதியானதற்குக் கைகளை ஏந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். வஃபா குலவையிட ஆரம்பித்து, துணைக்கு ஆள் சேராததால் பாதியில் விட்டாள்.

பிறகு நஸீஹா, ஒரு கள்ளமும் இல்லாமல், கவலையோடு கேட்டாள்.

"அப்ப அடுத்த வருஷம் நாங்க எல்லாரும் எங்க வந்து தங்குறது?"

யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லாரும் ஜலீலாவையே பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே கேள்விதான் என்று ஜலீலா ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"அடுத்த வருஷம் நானும் இவரும் லியோனுக்கு வரலாம்னு நினைச்சேன்" என்றாள். "அண்ணன் வீட்டுல ஒரு வாரம். போற வழியில நஸீஹா வீட்டுல ரெண்டு நாள். நான் பாத்ததே இல்லியே ரெண்டு வீட்டையும்."

அவள் அதற்கு முன்னால் அப்படி நினைத்ததே கிடையாது; அந்த நிமிஷம் வாயில் வந்தது. சொல்லிவிட்டு, அவர்கள் கோடைக்கு வரத் தொடங்கிய இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவர்கள் அழைப்புக்குக் காத்திருந்தாள். ஹாதெம் வஃபாவைப் பார்த்தான். வஃபா பைகளைப் பார்த்தாள். நஸீஹா, "எங்க வீடு ரொம்பச் சின்னதுக்கா" என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். ஹாதெம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றான்.

வாங்க என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மோன்ஜி அதை ஒவ்வொரு முகத்திலும் தேடிப் பார்த்தார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை, நின்றுகொண்டேயிருந்த ஜலீலாவின் பக்கம் தள்ளிவிட்டு, மேஜையில் இருந்த கெட்டிலிலிருந்து அவளுக்கும் தனக்கும் டீ ஊற்றினார்.