சம்பந்தி போட்ட பாலிசி

வெங்கடகிருஷ்ணனுக்குச் சர்க்கரை வியாதி என்பது ஒக்கலிபுரத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, மகள் சுப்ரியாவுக்கு, மெடிக்கல் ஷாப்காரருக்கு. டாக்டர் வேறு பேட்டைக்காரர். தெரிந்த நாலாவது ஆள், மனைவி சுப்புலக்ஷ்மி, போய் இரண்டு வருஷமாகிறது.

மறைக்கச் சொன்னதே சுப்புலக்ஷ்மிதான். மகளின் ஜாதகத்தை வெளியே எடுத்த அன்று சொன்னாள்: "அப்பாவுக்கு சுகர்னா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவா. வாயைத் திறக்காதீங்கோ." அவர் திறக்கவில்லை. கல்யாண வீடுகளில் பாயசத்தை மட்டும் வாயைத் திறந்து குடித்தார். வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டார்.

இப்போது ஒரு ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் ரித்விக்குக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சுப்ரியாவுக்கும் பிடித்துப்போய், போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்ப்பதுதான் பாக்கி. அதற்குள் பையனின் அம்மா அம்புஜம் மாமி, "உங்களுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸே இல்லையா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டார். மாமி இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். சம்பந்தியாகப் போகிறவர் போட்டுத் தருகிறேன் என்கிற பாலிசியை வேண்டாம் என்று எந்தப் பெண்ணைப் பெற்றவன் சொல்வான்?

ஞாயிற்றுக்கிழமை காலை மாமி ஸ்ரீராம்புரம் மெட்ரோவில் இறங்கி நடந்தே வந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஒப்பட்டு டப்பா; கன்னடத்துப் போளி.

"மல்லேஸ்வரத்துல வாங்கினது. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்கோ மாமா."

வெங்கடகிருஷ்ணன் ஒன்று சாப்பிட்டார். ஆரோக்கியத்தை நிரூபிக்க இன்னொன்றும் சாப்பிட்டார். சுப்ரியா பார்த்த பார்வையில் நெய் உறைந்தது.

மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஆளே மாறிவிட்டார். 'மாமா' போய் 'சார்' வந்தது.

"முதல்ல கோ-பே, சார். பில் வந்தா கம்பெனி முழுசும் கட்டாது. பத்துல ரெண்டு பங்கு உங்களோடதுன்னு வெச்சுக்கோங்கோ. ஒவ்வொரு தடவையும் அது உங்க கையிலேர்ந்து போகும்."

"ஓட்டல்ல பில் வந்ததும் என் மச்சினர் கை கழுவப் போவாரே, அந்த மாதிரியா?"

"உங்க மச்சினர் திரும்பி வரமாட்டார். கம்பெனி வந்து எட்டு பங்கைக் குடுக்கும். அடுத்தது ரூம் ரென்ட் லிமிட். ரூம் வாடகை இவ்வளவுக்குள்ளதான் இருக்கணும்னு ஒரு வரம்பு."

"டீலக்ஸ் ரூம் எடுத்தா வித்தியாசத்தை நான் கட்டிடறேன். நாலு பேர் பார்க்க வருவாளே."

"எல்லாரும் இப்படித்தான் ஏமாந்து போறா. ரூம் பெரிசானா டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் சார்ஜ் எல்லாம் கூடப் பெரிசாகும். அதனால கம்பெனி வாடகையை மட்டும் வெட்டாது, அதையெல்லாமும் அதே விகிதத்துல வெட்டும். பார்க்க வரவா நின்னுண்டே பார்க்கட்டும் சார். ஆய்து, இதெல்லாம் ஆச்சு. இனிமே கேள்வி. சுகர்?"

"இல்லை."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சுப்ரியாவுக்கு இருமல் வந்தது.

"பிரஷர்?"

"ஊஹூம்."

மறுபடியும் இருமல்.

"நாமினி? உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, வர வேண்டிய பணம் யார் கைக்குப் போகணுமோ அவா பேர்."

"சுப்புலக்ஷ்மி."

அத்தனை வருஷப் பழக்கம். அந்தக் கட்டத்துக்கு எப்போதும் அந்தப் பெயர்தான். மாமியின் பேனா நின்றது.

"சுப்ரியான்னு போடுங்கோ," என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்தார். அம்மாவின் கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் நின்றவள் இவள். நாளைக்கு அவருக்கு ஏதாவது என்றாலும் இவள்தான் நிற்பாள். அங்கே கம்பெனி கையை விரித்தால்? உண்மையைச் சொன்னாலோ, போனைப் பார்த்து வரும் அந்தச் சிரிப்பு போய்விடும்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் மாமி. என் சிநேகிதன் ஒருத்தன். சுகர் இருக்கு. இல்லைன்னு எழுதிட்டான். என்ன ஆகும்?"

"ஆஸ்பத்திரில சேரற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. சேர்ந்ததும் டாக்டர் கேஸ் ஷீட்ல 'ரொம்ப வருஷமா சுகர்'னு எழுதுவார். கம்பெனி அதைப் படிக்கும். கிளெய்ம் கிடையாதுன்னுடும். பாலிசியையே ரத்து பண்ணினாலும் பண்ணும்."

"இருக்குன்னு எழுதினா?"

"ப்ரீமியம் கொஞ்சம் ஏறும், அதுக்கு லோடிங்னு பேர். சுகரால வர்ற சிகிச்சைக்கு வெயிட்டிங் பீரியட் உண்டு. மூணு வருஷம் வரைக்கும் பொறுக்கணும். அவ்வளவுதான்." மாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க சிநேகிதர் எத்தனை ஒப்பட்டு சாப்பிட்டார்?"

"ரெண்டு," என்றார் வெங்கடகிருஷ்ணன்.

மாமி 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். எந்த மாத்திரை, எந்த டாக்டர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பையை மூடினார்.

வெங்கடகிருஷ்ணன் அந்தப் பையையே பார்த்தார். "அப்போ... நிச்சயதார்த்தம்?"

"அதை ஏன் சார் என்கிட்ட கேக்கறேள்? கஸ்டமரோட உடம்பு சமாச்சாரத்தை ஏஜெண்ட் வெளியில சொல்லப்படாது. உங்க சம்பந்திகிட்டகூட மூச்சு விடமாட்டேன்."

"சம்பந்தி நீங்கதானே மாமி!"

"இப்போ நான் ஏஜெண்ட். சம்பந்திக்குத் தெரியணும்னா நீங்களே சொல்லிக்கோங்கோ."

கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அப்போதுதான் உள்ளே நுழைந்தவர் போலச் சிரித்தார். "அப்புறம் மாமா, சௌக்கியமா?"

சுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே வியாதியை ஒரே ஆளிடம் ஒரே காலையில் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இரண்டாவது தடவைதான் கஷ்டமாக இருந்தது.

"மாமி, எனக்கு சுகர் இருக்கு. எட்டு வருஷமா. உங்ககிட்ட மறைச்சுட்டேன். பொண்ணுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

மாமியின் சிரிப்பு நின்றது. இது நடிப்பில்லை. "ஜாதகம் குடுத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லையா?"

"சொல்லியிருக்கணும்."

மாமி ஒப்பட்டு டப்பாவை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டெஸ்டுக்கெல்லாம் யார் கூட்டிண்டு போறா?"

"சுப்ரியாதான்."

"இனிமே ரித்விக் கூட்டிண்டு போகட்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்கறான், தடியன்."

சுப்ரியா காபி போட வேகமாக உள்ளே போனாள், முகத்தைக் காட்டவில்லை.

"வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ," என்றார் மாமி.

சமையலறையிலிருந்து இருமல் கேட்டது.

"பிரஷர்."

மாமியின் கை கண்ணாடிக் கூட்டை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. "யார்கிட்ட சொல்றேள் மாமா? ஏஜெண்டுகிட்டயா, என்கிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான். மறுபடியும் முதல்லேர்ந்து சொல்ல வைக்காதீங்கோ."